கடையாணி உயரம்

பேரரசு வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் நாங்கள் வளராமல் நின்றோம். எங்கள் குலத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் உரக்கச் சொல்லக் கூடாது என்று கான் உத்தரவு போட்டு எத்தனையோ குளிர்காலங்கள் போய்விட்டன, இப்போது சொல்ல நினைத்தாலும் நா எழவில்லை. ஏரிக்குக் கிழக்கே, புல் முழங்கால் வரை வளரும் இடத்தில் ஆடும் குதிரையுமாக இருந்தோம் என்று தெரிந்துகொண்டால் போதும். கானின் குலத்துக்கும் எங்களுக்கும் பழைய பகை. அவருடைய முன்னோர் ஒருவரை எங்கள் ஆட்கள் பிடித்து விற்றுவிட்டார்களாம். நான் விற்கவில்லை, நான் அப்போது பிறக்கவேயில்லை. ஆனாலும் பகை என்றால் என்ன என்பது எனக்குப் புரியும். கானின் படை எங்கள் மேல் வந்த அன்றைக்கு என் அப்பாவின் காலிலிருந்து தோல் காலணியைக் கழற்றிக்கொண்டவனுடைய மூக்கு எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

ஓர் இலையுதிர் காலத்தில் வந்தார்கள், மதியத்துக்குள் சண்டை முடிந்துவிட்டது. உயிரோடு பிடிபட்டவர்களை என்ன செய்வது என்று வட்டமாக உட்கார்ந்து பேசி, தங்கள் வழக்கப்படி ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். கானின் கூடாரத்தையே ஏற்றிச் செல்லும் மிகப் பெரிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சக்கரம் கழன்று ஓடிவிடாமல் அச்சின் முனையில் ஒரு கடையாணி செருகியிருக்கும், அதன் பக்கத்தில் ஒவ்வொருவராக வந்து நிற்க வேண்டும். கடையாணிக்கு மேலே தலை தெரிந்தால் சாவு, கீழே இருந்தால் உயிர். அவ்வளவு பெரிய வண்டிக்கே கடையாணி ஏழெட்டு வயதுப் பிள்ளையின் உச்சிக்குத்தான் வந்தது.

நான் சின்னவன், எனக்குப் பயமில்லை. என் அக்கா அல்தானி ஆணிக்குச் சரிசமமாக இருந்தாள், அவளுடைய முடிதான் இடித்தது. அம்மா வரிசையிலிருந்து கையை நீட்டி, உள்ளங்கையில் எச்சில் துப்பி, அவள் உச்சி முடியைப் படியப் படிய வாரிவிட்டாள், விருந்துக்கு அனுப்புகிறவள் போல. அல்தானி மூச்சை வெளியே விட்டுவிட்டு உள்ளே இழுக்காமல் நின்றாள். ஒருவன் ஆணியின் மேல் தன் சாட்டைக் கம்பைப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, “போ” என்றான். அடுத்தது அம்மா. அம்மா குனியவில்லை.

பிழைத்த பிள்ளைகளை அவர்கள் தங்கள் வீடுகளுக்குப் பங்கிட்டுக்கொண்டார்கள். கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது, சோறு போட்டார்கள், அடித்தார்கள், தங்கள் பிள்ளைகளையும் அப்படித்தான் அடித்தார்கள். வளரும் பிள்ளை என்று எங்கள் அங்கிகளின் கைகளை நீளமாக வைத்துத் தைத்தார்கள். அடுத்த வசந்தத்திலும் கை நீளமாகவே இருந்தது. அதற்கு அடுத்த வசந்தத்திலும். எங்களுக்குப் பால்பற்கள் விழுந்து பற்கள் முளைத்தன, குரல் உடைந்தது, பெண்களுக்கு மார்பு வந்தது, எனக்கு மீசை வந்தது, கடையாணிக்கு மேலே மட்டும் ஒரு மயிரிழை கூட யாரும் வரவில்லை. பூசாரி ஒருவனைக் கூட்டிவந்தார்கள். அவன் எங்களைச் சுற்றிவந்து மத்தளம் அடித்து, புளித்த குதிரைப் பாலை ஒரு தோல்பை நிறையக் குடித்து, “கான் அளந்த அளவு, அது அங்கேயே நிற்கும்” என்று சொல்லிவிட்டு ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனான். அத்தோடு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்களை வளர்த்த பெண்களுக்குத் துணி மிச்சம் என்று சந்தோஷம். ஆடு அறுத்தால் எங்களுக்கு ஆள் பங்கா பிள்ளைப் பங்கா என்று ஒரு சண்டை மட்டும் பல வருடங்கள் நடந்தது. பிள்ளைப் பங்குதான் என்று முடிவானது. வேலை மட்டும் ஆள் வேலை.

அதற்குள் பேரரசு விரிய ஆரம்பித்துவிட்டது. கிழக்கே கித்தாய் நாட்டின் சுவர் வைத்த ஊர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன, மேற்கே குவாரசத்தில் தோட்டங்களும் தண்ணீர்க் கால்வாய்களும் இருந்த ஊர்கள் விழுந்தன. ஓர் ஊர் விழுந்ததும் அதற்கு அடுத்த ஊர் பக்கத்து ஊராகிவிட்டது, பக்கத்து ஊரோடு சண்டை வராமல் இருக்குமா? பூமி இத்தனை பெரிதா என்று அவர்களே மலைத்துப்போனார்கள். ஒரு முனையில் கான் தும்மினால் மறுமுனைக்கு அது தெரிய வேண்டுமே, அதற்காக வழி நெடுகக் குதிரைச் சாவடிகள் வைத்தார்கள். இடுப்பில் மணி கட்டிய ஆள் ஒருவன் வந்து இறங்குவான், அந்த மணிச் சத்தம் கேட்டே அடுத்த குதிரைக்குச் சேணம் போட்டு வைத்திருப்பார்கள், ஏறிப் பறந்துவிடுவான். அப்போதுதான் யாருக்கோ எங்கள் நினைவு வந்தது. எங்களை ஏற்றிய குதிரைக்கு முதுகில் ஆள் இருப்பதே தெரியாது. கானின் வாய்ச்சொல்லை உலகம் முழுக்கச் சுமந்துகொண்டு ஓடியவர்கள் அவர் வளரவிடாமல் செய்த நாங்கள்தான். எங்களிடமிருந்து எடுத்த உயரத்தைத்தான் அவர் தன் நாட்டோடு ஒட்டவைத்துக்கொண்டார் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம்.

சாவடிக் குதிரைகளை மேய்க்க ஒரு பள்ளத்தாக்கை எங்களுக்குக் கொடுத்தார்கள். கடையாணிக்காரர் பள்ளத்தாக்கு என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. அங்கே நாங்கள் தாழ்ந்த கூடாரங்கள் போட்டோம், குட்டையான பால் வாளிகள் செய்தோம், குதிரையில் ஏற ஆளுக்கொரு கல் வைத்துக்கொண்டோம். கானின் நூற்றுவர் தலைவனே வந்தாலும் எங்கள் வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். என் வாழ்நாளில் நான் அனுபவித்த ஒரே அரச மரியாதை அதுதான், அதனால் வாசலை இன்னும் ஒரு சாண் இறக்கி வைத்தேன். எங்களுக்குள் கல்யாணம் செய்துகொண்டோம். பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்களும் கடையாணி வரை வளர்ந்து நின்றுகொண்டார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் அதன் உச்சியைத் தொட்டு, “கடையாணிக்குக் கீழேயே இரு, கண்ணு” என்று வாழ்த்துவார்கள். அதைவிடப் பெரிய வாழ்த்து எங்களிடம் கிடையாது.

என் மகன் நாரின் பிறந்தபோது அவன் அம்மா போய்விட்டாள். நான் மாதத்தில் பாதி நாள் சவாரியில் இருப்பேன், அவனைக் குதிரைப் பால் ஊற்றி வளர்த்தது அல்தானிதான். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவன் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் வளர்ந்தான், பிறகு எல்லாப் பிள்ளைகளும் நின்ற இடத்தில் நிற்காமல் மேலே போனான். ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு கோடையில் என் கண்ணுக்கு நேராக இருந்தவன், அடுத்த கோடையில் என் தலைக்கு மேலே எட்டி கூடாரக் கம்பில் தொங்கிய பையிலிருந்து தயிர்க்கட்டியை எடுத்தான். பள்ளத்தாக்கே வந்து பார்த்தது. “டேய் தொகான், உன் பையன் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு குதிரை வேணும்டா” என்றான் பொரோல்தாய். என்னோடு சவாரி போகிறவன் அவன், வாயாடி. மழை வருகிறதா என்று பெண்கள் நாரினிடம்தான் கேட்டார்கள். கூடாரத்தின் உச்சி வளையத்தில் கயிறு கட்ட அவனைத்தான் கூப்பிட்டார்கள். ஏணிக்கு இருந்த வேலை போய்விட்டது.

எனக்கு அவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் குலத்தில் ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஆண்டவன் கொடுத்த முழு உயரத்தோடு இந்த மண்ணில் நடக்கிறான், கிழவனாகும் வரை அப்படியே நடக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. அல்தானிக்கு அவன் உட்கார்ந்தே இருக்க வேண்டும். தூரத்தில் அந்நியக் குதிரை தெரிந்தாலே, “உட்காருடா, உட்காருடா” என்று அவன் முழங்கால் மடிப்பில் தட்டுவாள். பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று அவனுக்குத் தலை வாருவாள், வாரும்போதெல்லாம் முடியைப் படியப் படிய அழுத்துவாள்.

“அத்தை, எவ்வளவு அழுத்தினாலும் நான் உள்ளே போக மாட்டேன்” என்பான் அவன்.

“சிரிக்காதே. நின்னவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தவ நான்.”

“அவனை விடுக்கா” என்பேன் நான். “ஒருத்தனாவது நிமிர்ந்து நிக்கட்டும்.”

“நிமிர்ந்து நின்னா சாவான். குனிஞ்சிருந்தா இருப்பான். உனக்கு எது வேணும்?”

“ரெண்டும் வேணும்.”

“உனக்கு எப்பவும் ரெண்டு பங்கு வேணும்டா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அவனுக்கு மீசை அரும்பிய கோடையில் நான் மேற்குச் சவாரியில் இருந்தேன். ஒரு சாவடியில் குதிரை மாற்ற இறங்கியபோது பொரோல்தாய் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். வாயாடி அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“மேற்கே ஒரு கோட்டைடா” என்றான். “கவண்கல் எறிஞ்சு பார்த்தாங்களாம், சுவர் அசையலை. அடியில சுரங்கம் தோண்டிச் சாய்க்கப் போறாங்களாம். அதுக்குச் சின்ன ஆள் வேணும். நம்ம பள்ளத்தாக்குக்கு வண்டி போயிருக்கு. கடையாணிக்குக் கீழே நிக்கிற இளவட்டத்தை எல்லாம் அள்ளிட்டுப் போகப் போறாங்க. என் சென்குரும் போயிடுவான்.”

“கடையாணிக்கு மேலே இருந்தா?”

“பொந்துக்குள்ள நுழையாதவனை வச்சு என்ன பண்ணுவாங்க? விட்டுடுவாங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்தான். “சிரிக்கிறியாடா, பாவி?”

சிரித்தேன்தான். அவன் அழுகிறான் என்பது எனக்குத் தெரிந்தது, ஆனாலும் வாய் நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டி எங்கள் பக்கம் வந்து, ஆணி எங்கள் வீட்டுக்குச் சாதகமாக இருந்தது. கையிலிருந்த செய்தியை அவனிடமே கொடுத்து அனுப்பிவிட்டு, வீட்டைப் பார்த்துக் குதிரையைத் திருப்பினேன். வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன். குதிரை பயந்துபோனது.

நான் வந்து சேர்ந்தபோது வண்டி போயிருந்தது. பள்ளத்தாக்கில் கிழவன் கிழவிகளும் கைக்குழந்தைகளும் மட்டும் இருந்தார்கள். அல்தானி ஓடிவந்தாள். முழங்கை வரை மண், நகக்கண்ணில் ரத்தம், கண்ணெல்லாம் சிரிப்பு.

“காப்பாத்திட்டேன் தம்பி! உன் பிள்ளையைக் காப்பாத்திட்டேன்!”

வண்டி வருவதைப் பார்த்ததும் பள்ளத்தாக்கில் யாரும் எதற்கு என்று கேட்கவேயில்லை. வண்டி வந்தால் எதற்கு என்று எங்களுக்குத் தெரியாதா? எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். வந்தவர்களைக் கூடாரத்துக்குள் அழைத்து, ஆடு அறுத்து, குதிரைப் பாலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதற்குள் அல்தானி சக்கரத்தடியில் உட்கார்ந்து வெறுங்கையால் முழங்கால் ஆழத்துக்குக் குழி பறித்துவிட்டாள். விருந்தாளிகள் மிதித்து வரக் கம்பளம் விரிப்பது எங்கள் வழக்கம்தானே, அந்தக் கம்பளத்தைக் குழியின் மேலும் இழுத்து விட்டாள். நாரின் மாட்டேன் என்றானாம். அவள் அவன் காலில் விழுந்தாளாம். அவன் குழியில் இறங்கி, நீள அங்கிக்குள் முழங்காலை மடித்து, கடையாணிக்குக் கீழே நின்றான். நூற்றுவர் தலைவன் நிறையக் குடித்திருந்தான். சாட்டைக் கம்பை ஆணியின் மேல் வைத்துப் பார்த்து, “போ, அந்தப் பக்கம்” என்றான்.

“கீழேன்னு சொல்லிட்டாங்கடா! கூட்டிட்டுப் போறாங்க, போகட்டும், வேலை வாங்குவாங்க, உயிரோட இருப்பான். நாம இல்லையா?”

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் புரியாமல் பார்த்தாள். இன்னொரு தடவை சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க நான் நிற்கவில்லை.

ஆற்றைக் கடக்கும் துறையில் அவர்களைப் பிடித்தேன். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் கரையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள், நடுவில் என் மகன் உட்கார்ந்திருந்தான். அவன் உட்கார்ந்திருந்ததும் மற்றவர்கள் நின்றதும் ஒரே உயரம். நான் குதிரையிலிருந்து குதித்து நூற்றுவர் தலைவனின் காலணியைப் பிடித்துக்கொண்டேன்.

“தலைவரே, அவன் உயரமான பையன். தப்பா கூட்டிட்டு வந்துட்டீங்க. எழுந்து நிக்கச் சொல்லிப் பாருங்க, சுரங்கத்துல நுழைய மாட்டான்.”

அவன் பேன் பார்க்கிறவன் போல என்னைக் குனிந்து பார்த்தான். கொடூரமானவன் இல்லை, களைத்துப்போனவன். “நானே அளந்தேன்” என்றான். “இத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லியும் அனுப்பியாயிற்று. அளவு தப்பு என்றால், ஒன்று நான் தப்பாக அளந்தேன், அதற்கு என் தலை போகும். இல்லை என்றால் யாரோ அளவில் ஏமாற்றினார்கள், அதற்கு அவர்கள் தலை போகும். யார் ஏமாற்றியது?”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று எனக்குத் தெரியும், அதை மறைக்க நான் நினைக்கவில்லை. அதற்குள் நாரின் எழுந்து வந்தான். எழுந்து என்று சொல்ல முடியாது. முழங்காலை முழுக்க மடித்து, அங்கியைத் தரையில் இழுத்துக்கொண்டு, வாத்து நடப்பது மாதிரி எங்கள் பக்கம் வந்து நின்றான்.

“அப்பாவுக்கு வயசாயிடுச்சுங்க” என்றான் தலைவனிடம். “என்னை ரொம்பப் பெரியவனா நினைச்சுக்குவாரு.”

சிப்பாய்கள் சிரித்தார்கள். தலைவன் அவனை மேலும் கீழும் பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தலை ஒன்றுதானே. “பார்த்தாயா, குள்ளம்தான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

“நில்லுடா” என்றேன் மகனிடம். “ஒரே ஒரு தடவை நிமிர்ந்து நில்லு.”

“அத்தையைத் திட்டாதீங்கப்பா” என்றான். பிறகு மற்றவர்களோடு ஆற்றில் இறங்கினான். நடு ஆற்றில் மற்ற பிள்ளைகளுக்குத் தண்ணீர் கழுத்துக்கு வந்தது. அவனுக்கும் கழுத்துக்கே வரும்படி பார்த்துக்கொண்டான்.

அந்தக் கோட்டை விழுந்தது. பேரரசு இன்னொரு கடல் வரை போனது, அந்தச் செய்தியையும் நான்தான் ஒரு சாவடியிலிருந்து அடுத்த சாவடிக்குச் சுமந்துகொண்டு ஓடினேன். அடுத்த வருடம் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மற்ற எல்லாரும் வந்தார்கள். பொரோல்தாயின் மகன் சென்குர் நேராக என் கூடாரத்துக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னான்.

“சுவருக்கு அடியில தோண்டி, மரத்தால முட்டுக் கொடுத்து வச்சிருந்தோம், மாமா. முட்டுக்குத் தீ வச்சதும் வெளியே வந்துடணும், அப்பதான் சுவர் இறங்கும். நாங்க நிமிர்ந்து ஓடி வந்துட்டோம். எங்க அளவுக்குத்தானே பொந்து. அவன் தவழ்ந்து வந்தான்.”

நான் கையிலிருந்த சேண வாரைச் சுருட்டினேன்.

“கடைசியில கூப்பிட்டான். எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு.”

“என்னன்னு?”

சென்குர் தரையைப் பார்த்தான். “அத்தைன்னு.”

இதை யாரிடமும் சொல்லாதே என்றேன். அவன் சொல்லவில்லை, நல்ல பையன்.

அல்தானியோடு நான் பேசியது ஆற்றுத்துறைக்குப் போன அன்றோடு சரி. அவள் கூடாரம் என் கூடாரத்திலிருந்து கூப்பிடு தூரம். காலையில் என் வாசலில் ஒரு கிண்ணம் பால் வைத்துவிட்டுப் போவாள், நான் அதை நாய்க்கு ஊற்றுவேன், அவள் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு முன்னாலேயே ஊற்றுவேன். மறுநாளும் வைப்பாள். பள்ளத்தாக்கு இதற்கும் பழகிக்கொண்டது. எங்கள் இரண்டு கூடாரங்களுக்கும் நடுவில் யாரும் ஆடு ஓட்டவில்லை, கல்யாணங்களில் எங்களை எதிரெதிர்ப் பக்கம் உட்காரவைத்தார்கள். நாய் கொழுத்தது, செத்தது, வேறு நாய் வந்தது. சென்குரின் பிள்ளைகள், நாங்கள் அக்காள் தம்பி என்பதே தெரியாமல் வளர்ந்தார்கள். நடுநடுவே அவள் வாசலில் நின்று என்னையே பார்ப்பாள். என்ன கேட்க நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அவளுக்கு அவனுடைய கடைசி வார்த்தை கிடைத்துவிடும். எனக்கு என்ன மிஞ்சும்? அதனால் சொல்லவில்லை.

போன வசந்தத்தில் பால் வருவது நின்றது. பொரோல்தாய் தடியை ஊன்றிக்கொண்டு வந்தான். “போடா. இன்னைக்குத் தாண்டாது. கல்லாடா நீ?”

போனேன். அவள் கம்பளியில் சுருண்டு கிடந்தாள், நரைத்த குழந்தை மாதிரி. கண் தெரியவில்லை, மூச்சை வைத்தே நான் என்று கண்டுகொண்டாள்.

“தம்பி” என்றாள். “ஒண்ணே ஒண்ணு. கடைசியில என்ன சொன்னானாம்?”

அத்தனை வருடம் எனக்குள் வைத்திருந்ததை அப்போது எடுத்தேன். இரக்கப்பட்டு எடுக்கவில்லை. நீ இறக்கிவிட்ட குழிக்குள்ளிருந்து அவன் உன்னைத்தான் கூப்பிட்டான், நீ வரவில்லை, அதைக் கேட்டுக்கொண்டு போ என்றுதான் எடுத்தேன். கத்தியை எடுப்பது போல எடுத்தேன்.

“அத்தைன்னு கூப்பிட்டான்” என்றேன்.

அவள் கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, தடவித் தடவி என் தலையைக் கண்டுபிடித்து, முடியைப் படிய வாரிவிட்டாள்.

“அப்பான்னுதான் கூப்பிட்டிருப்பான்” என்றாள். “எனக்குத் தெரியாதா? அவனுக்கு உன்னைத்தானே ரொம்பப் பிடிக்கும். எனக்காக ஒரு பொய் சொல்ற அளவுக்கு உனக்கு மனசு வந்துடுச்சே, அது போதும்டா.”

நான் அவளை மன்னிக்கவில்லை. இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

“பொய்யில்லைக்கா” என்றேன்.

“சரிடா” என்றாள், குழந்தை சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவள் போல. அதையும் அவள் நம்பவில்லை.